பாதி ஊசி

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில், தேயிலை ஃபெக்டரி கேட்டில் வாச்சர் வேலை. வேலை முடிந்து வெளியே போகிறவர்களின் பை, சாப்பாட்டுக் கேரியர், குடை எல்லாவற்றையும் திறந்து பார்ப்பேன். குடைக்குள் தேயிலைத் தூளைக் கொட்டிக்கொண்டு போனவர்களும் உண்டு. சொந்தக்காரன் என்றாலும் பார்ப்பேன். அதனால் எனக்குக் கூட்டாளிகள் குறைவு.

சங்கு ஊதுவதும் நான்தான். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்க, ஆட்கள் வந்து நிற்க வேண்டிய நேரத்துக்கு ஐந்து நிமிடம் முந்தி ஊதச் சொன்னார்கள். சாயங்காலம் ஐந்து நிமிடம் பிந்தி. ஊதினேன். அன்றிலிருந்து எந்தக் கடிகாரத்தையும் நான் சட்டென்று நம்புவதில்லை. யார் சொல்லி அது அப்படிக் காட்டுகிறது என்றுதான் முதலில் நினைப்பேன்.

எனக்கு ஒரே மகள். ஏழு வயதில் அவளுக்குச் சீனி வருத்தம் வந்தது. பெரியவர்களுக்கு வருகிற மாதிரி இல்லை. உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோகிற வகை. ஊசி போடாவிட்டால் உயிர் போகும். கூடப் போட்டாலும் போகும். டாக்டர் இதைச் சொன்னபோது மனைவிதான் கேட்டாள்.

"எத்தன நாளைக்குங்க ஐயா?"

"எப்பவும்" என்றார்.

காலையில் ஊசிக் குழாயில் பதினாறு கோடு அளவு. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் எட்டுக் கோடு. கலங்கல் மருந்து. சின்னப் போத்தலை உள்ளங்கையில் வைத்து உருட்டித்தான் எடுக்க வேண்டும், குலுக்கக் கூடாது. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் எங்களுக்கு ஒரு அறை, அதில் ஃபிரிட்ஜ் இல்லை. மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி அதற்குள் போத்தலை வைப்போம். எங்கள் குளிருக்கு அது போதும்.

எங்கள் பக்கத்தில் தேத்தண்ணீரில் சீனி போட்டுக் கலக்குகிறவர்கள் குறைவு. உள்ளங்கையில் கொஞ்சம் சீனியைக் கொட்டிக்கொண்டு, நக்கி நக்கி, பால் இல்லாத வெறுஞ்சாயம் குடிப்பார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் நீளுவது சீனி வைத்த கைதான். மகளுக்கு வருத்தம் வந்த பிறகு, நீளுகிற ஒவ்வொரு கையையும் நான் கவனித்தேன். "பாவம் புள்ள, ஒரு நக்கு" என்பார்கள். அந்தப் பாவத்துக்குத்தான் நான் பயந்தேன். லயத்தில் மூன்று வீட்டோடு பேச்சு நின்றது.

மகளுக்குப் பதினோரு வயதானபோது லண்டனிலிருந்து தங்கச்சி பேசினாள். அவள் அங்கே கட்டிக்கொண்டு போய் வருஷங்கள் ஆகிவிட்டன. அவளுடைய மகள் பெரியபிள்ளை ஆகியிருந்தாள்.

"அண்ணே, நீ தாய்மாமன். நீ வந்து நிக்காம நான் புள்ளைக்குத் தண்ணி ஊத்த மாட்டேன்."

"புள்ளைய விட்டுட்டு எப்புடி வர்றது?"

"கூட்டிக்கிட்டு வா. அண்ணியையும் கூட்டிக்கிட்டு வா. டிக்கட்டு நாங்க போடுறோம்."

விசா எனக்கும் மகளுக்கும் கிடைத்தது. மனைவிக்குக் கிடைக்கவில்லை. ஏன் என்று தெரியாது. அவள் இங்கே இருந்தால்தான் நான் திரும்பி வருவேன் என்று நினைத்திருப்பார்கள். நான் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

ஊசி போட எனக்குத் தெரியும். ஆனால் தினமும் போடுவது மனைவிதான். அவள் என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். அங்கே இருந்த நர்ஸ் சிங்களப் பெண். தமிழ் கொஞ்சம் வரும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்று மனைவி சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. நர்ஸ் ஒரு தாளில் படமாகவே போட்டுக் கொடுத்தாள். சூரியன், நிலா, ஊசி, ப்ளேன்.

போகும்போது பகல் நீளும். இடையில் கூடுதலாக ஒரு சின்ன ஊசி. வரும்போது நாள் சுருங்கும். லண்டன் நேரத்துக்கு இரவு போட்ட மருந்து உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே இங்கே விடிந்துவிடும். அதனால் கொழும்பில் இறங்கிய காலையில் பாதி ஊசி. பதினாறுக்குப் பதில் எட்டு. படத்தில் ஊசியைப் பாதிவரை கருப்படித்துக் காட்டினாள்.

கூட ஒரு ஊசி என்றது எனக்கு உடனே பிடித்துவிட்டது. கூடக் கொடுத்தால் நான் ஏன் சந்தேகப்படப் போகிறேன்? பாதி என்றதுதான் உறுத்தியது.

நான் சின்னவனாக இருந்தபோது, காய்ச்சல் என்று தோட்டத்து மருந்துக்காரரிடம் போனால் வில்லையைப் பாதியாக உடைத்துத்தான் தருவார். முழு வில்லை கேட்டால், "ஒங்களுக்குப் பாதி போதும், வேலைக்குப் போ" என்பார். இருமல் தண்ணீரிலும் பாதி பச்சைத் தண்ணீர். என் அம்மா அந்தப் பாதி வில்லைகளைத் தின்றுதான் செத்தாள். பாதி என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த உடைந்த வில்லைதான் ஞாபகம் வரும்.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் என் பையைத் திறந்தார்கள். உள்ளே ஒரு தாள் முடிச்சில் வெள்ளைத் தூள் இருந்தது. குளுக்கோஸ். மகளுக்குச் சீனி திடீரென்று இறங்கினால் கரைத்துக் கொடுக்க வேண்டியது. அதிகாரி முகர்ந்து பார்த்தார். இன்னொருவரைக் கூப்பிட்டார். நான் கேட்டில் கையை விடுகிற மாதிரியே அவரும் பையின் மூலையில் விரலை விட்டுத் தடவினார். நல்ல வேலைக்காரர். டாக்டர் கடிதத்தைக் காட்டியதும் விட்டார்கள். ஆனால் அவ்வளவு பேர் பார்த்தார்கள். இனி இந்தத் தூளைக் கையில் கொண்டுபோவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

லண்டனில் ப்ளேன் இறங்கும்போது மகள் சொன்னாள், "அப்பா, மணிய நாலரை மணித்தியாலம் பின்னுக்கு வைக்கணுமாம்."

"யாரு சொன்னது?"

"இப்ப மைக்குல சொன்னாங்களே."

"சொல்லுவாங்க."

என் கடிகாரத்தை நான் தொடவில்லை. அது தோட்டத்து நேரத்தைக் காட்டட்டும். தங்கச்சி புருஷன் சிரித்துவிட்டு, தன் பழைய கடிகாரம் ஒன்றைக் கொடுத்தார். அதை மற்றக் கையில் கட்டினேன். இரண்டு கையிலும் கடிகாரத்தோடு சடங்கு வீட்டில் நின்றேன். போட்டோவிலும் அப்படித்தான் இருக்கிறேன்.

"என்னா மச்சான், ஒண்ணு ரிப்பேரா?" என்று வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள்.

மூன்று வாரம் இருந்தோம். ஊசி அந்த ஊர்க் காலைக்கும் அந்த ஊர் இரவுக்கும் மாறிவிட்டது. ஒன்றும் தப்பாகவில்லை. ஆனால் எனக்கு நிம்மதி இல்லை. ஃபிரிட்ஜில் போத்தல் வைத்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டேன். மறுநாள் போத்தல் கோட்டைவிட்டு நகர்ந்திருந்தது.

"யாரு மருந்தத் தொட்டது?" என்று கேட்டேன்.

"தயிர எடுக்கையில நகத்தியிருப்பேன்" என்றாள் தங்கச்சி. அப்போதுதான் கோட்டைப் பார்த்தாள். "ஐயோ அண்ணே, எங்க வீட்டுலயும் வாச்சர் வேலதானா? எம் பையையும் தொறந்து பாப்பியா?"

அவள் கண் கலங்கியிருந்தது. நான் கோட்டைத் துடைத்தேன். மறுநாள் கதவின் உள்பக்கம் வேறு கோடு போட்டேன்.

கிளம்புகிற அன்று தங்கச்சி என் மகளுக்கு ஒரு டப்பா நிறைய டொபி மிட்டாய் கொடுத்தாள். "இது சக்கர வருத்தக்காரங்களுக்குன்னே செய்யிறது. ஒண்ணுலயும் சீனி இல்ல. புள்ள ஆசையா தின்னட்டும்." மகள் அதை மடியிலேயே வைத்துக்கொண்டாள். குளுக்கோஸ் முடிச்சைப் பெரிய பெட்டியின் அடியில், சேலைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினேன்.

லண்டனில் மத்தியானம் ஏறி, இடையில் ஒரு ஊரில் ப்ளேன் மாறினோம். அங்கே, லண்டன் நேரத்துக்கு இரவுச் சாப்பாட்டு வேளை ஆனபோது எட்டுக் கோடு போட்டேன். சாப்பிட்டாள். இடையில் ஒரு ஊரில் ப்ளேன் மாறினோம். கொழும்பில் இறங்கியபோது விடிந்திருந்தது. வலது கையில் இருந்த லண்டன் கடிகாரத்தில் இன்னும் நடுச்சாமம். அதைக் கழற்றிப் பையில் போட்டேன்.

கொழும்புக் கோட்டை ரயில்வே ஸ்டேஷனில் மகளின் விரலைக் குத்திப் பார்த்தோம். இருநூற்றுப் பத்து. அது கூடுதல். கருப்படித்த படம் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். சீனி ஏறிக் கிடக்கிறது, இதற்குப் பாதி ஊசியா? லண்டன் பிள்ளைக்கும் இப்படித்தான் பாதி கொடுப்பார்களா, அல்லது தோட்டத்துப் பிள்ளை என்பதாலா? மனைவியிடம் கேட்டிருக்கலாம். போனில் காசு இருந்தது. கேட்கவில்லை.

மகள் என் கையைப் பார்த்தாள். "எட்டுன்னுதானே அந்த மிஸ் போட்டிருந்தாங்க?"

"சீனி ஏறியிருக்கு. நீ சும்மா இரு."

பதினாறு போட்டேன்.

இடியப்பம் வாங்கிக் கொடுத்தேன். தூக்கக் கலக்கத்தில் இரண்டுதான் தின்றாள். பெரிய பெட்டியை ரயிலின் கடைசியில் கார்டு வண்டியில் ஏற்றினார்கள். நாங்கள் நடுப் பெட்டியில் இடம் பிடித்தோம்.

எதிர் சீட்டில் ஒரு பெண். என் மனைவி வயது இருக்கும். கொழும்பில் ஒரு வீட்டில் சமையல் வேலை, லீவுக்குக் கொட்டகலைக்குப் போகிறேன் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டு வந்தாள். யாரும் கேட்காமலே இவ்வளவு சொல்கிறவளை நான் கவனிப்பேன். அவள் கண் எங்கள் பையில் இருந்தது.

"எங்கண்ணே போயிட்டு வாறீங்க? பையில பிளேன் சீட்டு தொங்குது."

சீட்டைப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டேன். "கொழும்பு."

"கொழும்புக்கும் பிளேன் விட்டுட்டாங்களா!" என்று பக்கத்துக்காரரைப் பார்த்துச் சிரித்தாள்.

பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். மயக்க பிஸ்கட் கொடுத்து நகை கழற்றிய கதைகள் எங்களுக்குத் தெரியும்.

நாவலப்பிட்டி தாண்டியதும் அவள் ஃபிளாஸ்க்கைத் திறந்தாள். சாய வாசனை வந்தது. தாள் முடிச்சிலிருந்து சீனியை உள்ளங்கையில் கொட்டி, மகள் பக்கம் நீட்டினாள்.

"இந்தா புள்ள. மொகமே வாடிக் கெடக்கு."

"வேணாங்க" என்றேன். "அவளுக்குச் சீனி ஆகாது."

"ஒரு நக்குதானேண்ணே."

"வேணாம்னா வேணாம்."

"சரி சரி. நான் என்னா வெசமா குடுக்குறேன்?" கையைத் தன் வாய்க்குக் கொண்டுபோனாள். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் அவள் பார்க்கவில்லை.

ரயில் ஏற ஆரம்பித்தது. மகள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். தூங்கட்டும், அவள் வயிற்றுக்கு இன்னும் விடியவில்லை என்று நினைத்தேன். கலபொட தாண்டிக் குளிர் வந்தது. ஜன்னலை இறக்கி மூடினேன். அப்போது என் தோள் ஈரமாக இருந்தது.

பார்த்தேன். மகளின் மேல் உதட்டில் வேர்வை. நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. அந்தக் குளிரில் எல்லோரும் சுவெட்டரை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எவனுக்கும் வேர்க்கவில்லை.

"புள்ள. எந்திரி."

கண்ணைத் திறந்தாள். என்னை யாரோ மாதிரிப் பார்த்தாள்.

விரலைக் குத்தினேன். நாற்பத்து மூன்று.

இனிப்பு வேண்டும். உடனே. டொபி டப்பாவைத் திறந்து ஒன்றை உரித்தேன். மகள் தலையை ஆட்டினாள். நாக்கு குழறியது. "அதுல... சீனி இல்லப்பா."

டப்பா நிறைய இனிப்பு. ஒன்றிலும் சீனி இல்லை. குளுக்கோஸ் கார்டு வண்டியில், பூட்டின பெட்டியில், சேலைகளுக்கு நடுவே. வடைக்காரன் முந்தின ஸ்டேஷனிலேயே இறங்கிவிட்டான். அடுத்த ஸ்டேஷன் வட்டவளை. ரயில் நடக்கிற வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. மகளின் கழுத்து நிற்கவில்லை.

எதிரில் இருந்தவளைப் பார்த்தேன். கையை நீட்டினேன். நான் யாரிடமும் கையை நீட்டுகிறவன் இல்லை.

"தங்கச்சி. அந்தச் சீனி..."

"இப்ப வேணுமா?" என்றாள். வாய்தான் கேட்டது. கை அதற்குள் முடிச்சை அவிழ்த்துவிட்டது.

என் உள்ளங்கையில் கொட்டினாள். ரயில் குலுங்கிப் பாதி கீழே போனது. "தள்ளுங்கண்ணே" என்று எழுந்து வந்து, தன் கையில் கொட்டி மகளின் வாயில் வைத்தாள்.

"நக்கு புள்ள. நக்கு. தூங்கப்புடாது. நல்லா நக்கு, என் கையவே தின்னாலும் பரவால்ல."

மகள் நக்கினாள். முதலில் மெல்ல. பிறகு வேகமாக. மீதிச் சீனியை முழுதாக ஃபிளாஸ்க் மூடியில் கொட்டி, ஆறின சாயத்தை ஊற்றி, விரலால் கலக்கி, மடக்கு மடக்காகக் குடிக்கக் கொடுத்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து காற்றுக்கு இடம் விட்டார்கள்.

கால் மணித்தியாலம் பொறுத்து மறுபடி குத்தச் சொல்லியிருக்கிறார்கள். இடது கைக் கடிகாரத்தைப் பார்த்தேன். முள் நகரவில்லை என்று தோன்றியது. அது நின்றுபோய்விட்டதா என்று காதில் வைத்துப் பார்த்தேன். ஓடியது.

"என்னாச்சுண்ணே புள்ளைக்கு?"

"ஊசி கூடிப்போச்சு."

"யாரு போட்டது?"

"நான்தான்."

மகளின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துப் பாதத்தைத் தேய்த்தாள்.

வட்டவளையில் மழை. மறுபடி குத்தினேன். எழுபத்து நான்கு. மகள் என்னைப் பார்த்து, "அப்பா, பசிக்குது" என்றாள். உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பெண் தன் பிள்ளைகளுக்கு வாங்கிவந்த பொட்டலத்தைப் பிரித்து, ஒரு பணிஸ் ரொட்டி எடுத்து மகளிடம் கொடுத்தாள். "என் வெசம் நல்லாத்தான் வேல செய்யுது, என்னாண்ணே?"

நான் சிரிக்க முயன்றேன். வரவில்லை. "லண்டன்" என்றேன்.

"என்னா?"

"லண்டனுக்குப் போயிட்டு வாறோம். கேட்டீங்களே."

"அது எனக்கு அப்பவே தெரியும். ஒங்க சட்டப் பையில இருக்குற சீட்டு வெளிய எட்டிப் பாக்குது."

ஹட்டனில் நாங்கள் இறங்கினோம். அவள் ஜன்னலில் இருந்து, "புள்ளையப் பாத்துக்குங்க" என்றாள். பெயர் கேட்கவில்லை. கார்டு வண்டிப் பக்கம் ஓட வேண்டியிருந்தது. பெட்டி கிடைத்ததும் பிளாட்பாரத்திலேயே திறந்து, சேலைகளை வெளியே அள்ளிப் போட்டு, குளுக்கோஸ் முடிச்சை எடுத்தேன். பஸ்ஸில் லயத்துக்குப் போய்ச் சேரும்வரை அது என் கைக்குள்ளேயே இருந்தது. வழியில் இரண்டு தடவை விரலைக் குத்தினேன்.

வீட்டில் மனைவி மகளின் விரல் நுனிகளைப் பார்த்தாள். புதுப் புள்ளிகள். அவளுக்கு எண்ணத் தெரியும்.

"காலைல எத்தன கோடு போட்டீங்க?"

மகள் என்னைப் பார்த்தாள். அவள் சொல்ல மாட்டாள் என்று தெரிந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"பதினாறு."

"அந்த மிஸ் எட்டுன்னு படம் போட்டுக் குடுத்தாங்களே."

"ஆமா."

திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. கிளினிக்குக்குப் போன் போட்டு, சாயங்காலம் எத்தனை கோடு என்று கேட்டாள். சொன்னதை மகளைவிட்டு எழுதி வாங்கிக்கொண்டாள். பிறகு மண்சட்டியைத் தன் படுக்கைப் பக்கம் நகர்த்தி வைத்தாள். ஒரு வாரம் என்னை அதன் பக்கம் விடவில்லை. எட்டாம் நாள் காலையில் ஊசியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "கோட்டப் பாருங்க" என்றாள். பார்த்தேன். பதினாறு. இப்போதும் அப்படித்தான். அவள் எடுப்பாள், நான் பார்ப்பேன். ஒருவர் கண் போதாது.

அடுத்த கிளினிக்கில் நானே போய் அந்த நர்ஸிடம் சொன்னேன். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். அந்தக் காலையில் ஏறியிருந்தது ப்ளேன் சாப்பாட்டின் சீனி, தானாக இறங்கியிருக்கும் என்றாள். நான் கேட்க வந்தது அது இல்லை.

"மிஸ், அந்தப் பாதி... தோட்டத்து ஆளுங்களுக்கு மட்டுமா?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. மனைவி சிங்களத்தில் சொன்னாள்.

"தொரைட மகள் வந்தாலும் பாதி தான், ஐயா" என்றாள் நர்ஸ்.

இப்போது என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு தாள் முடிச்சு இருக்கும். அதில் சீனி. குளுக்கோஸ் தீர்ந்துபோகலாம், பெட்டிக்குள் மாட்டிக்கொள்ளலாம். போன மாதம் கேட்டில் ஒரு பெண்ணின் பையைத் திறக்கச் சொன்னேன். லயத்தில் என்னோடு பேச்சு நின்ற மூன்று வீட்டில் ஒரு வீட்டுக்காரி. அவள் என் சட்டைப் பையைப் பார்த்துவிட்டாள்.

"எங்க பையத்தான் பாப்பீங்களா, வாச்சரய்யா? ஒங்க பையில என்னா முட்டிக்கிட்டு நிக்கிது? தூளா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் முடிச்சை எடுத்து அவிழ்த்துக் காட்டினேன். அவள் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"புள்ளைக்கா?" என்றாள்.

"ஆமா."

முடிச்சை அவளே கட்டி என் பையில் வைத்தாள். பிறகு தன் பையைத் திறந்து காட்டினாள். பார்த்தேன். ஒன்றும் இல்லை.